கருத்து வேறு, மானம் வேறு: ஒரு தோட்டக் கோயில் செயலாளரின் கேள்விக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ரப்பர் போய்ச் செம்பனையும் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுமாக மாறிவிட்ட ஒரு பழைய தோட்டத்தில், இன்னும் நிலைத்திருக்கும் மாரியம்மன் கோயிலின் நிர்வாகத்துக்குப் புதிதாகச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். கூட்டம் கூடினால் ஒன்று கூச்சல், இல்லையென்றால் மௌனம். கைதட்டி நிறைவேற்றிய தீர்மானம் மறுநாள் கோப்பிக்கடையில் கலைந்துவிடுகிறது. விதிமுறைகளெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. அப்படியிருக்க, ஒருவர் தம் மனப்பாங்கில் எதை மாற்றிக்கொண்டால் பேச்சு பேச்சாக நடந்து, எல்லோரும் ஏற்கும் முடிவு வரும் என்று கேட்கிறார்.

விதிமுறையில் குறை இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால் அதைப் பற்றி நீட்டவில்லை. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற எந்தச் சங்கத்துக்கும் எழுதப்பட்ட சட்டவிதிகள் உண்டு. ஆண்டுக் கூட்டம், கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை (கோரம்), வாக்கெடுப்பு எல்லாம் அவற்றில் இருக்கும். அவை ஒரு தீர்மானத்தைச் செல்லுபடியாக்கும். ஆனால் அந்தத் தீர்மானத்துக்காகத் திருவிழா அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்ய ஆள் கொண்டுவராது. தொழிற்சங்கக் கிளை, கூட்டுறவுச் சங்கம், பள்ளி மேலாளர் வாரியம், கோயில் நிர்வாகம் என்று பலவகைக் கூட்டங்களில் தலைமை நாற்காலியிலும் கடைசி வரிசையிலும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு நிலைத்துவிட்ட எண்ணம் இது: நல்ல பேச்சுக்கு வேண்டிய மனப்பாங்குகள் பல இருந்தாலும் அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். நான் சொன்ன கருத்து தோற்றால் நான் தோற்றதாக ஆகாது என்று உள்ளபடியே நம்ப வேண்டும். அதைவிடக் கடினம், எதிரில் இருப்பவரும் அப்படி நம்பும்படி நாம் நடந்துகொள்வது.

நம் தோட்டப்புறத்தில் இது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தோட்டம் என்பது படிக்கட்டாகக் கட்டப்பட்ட சமூகம். மேட்டில் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா, அதற்குக் கீழே கிராணி எனப்படும் எழுத்தர்களின் வீடுகள், அதற்கும் கீழே தொழிலாளர் குடியிருந்த லயங்கள். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, பெயர் கூப்பிட்டால் குரல் கொடுத்து, எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லப்படுவதைக் கேட்டுக்கொண்டு கலைந்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார்கள். அங்கே பேச்சு என்பது மேலிருந்து கீழே வரும் உத்தரவு. கீழிருந்து மேலே போனது பெரும்பாலும் முறையீடு அல்லது மன்னிப்பு. இன்றைக்கு அதே கிராணியின் பேரனும் அதே மண்டோரின் (மேற்பார்வையாளரின்) மகனும் அதே பால்வெட்டுத் தொழிலாளியின் பேத்தியும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கிராணியின் பேரன் ‘இப்படிச் செய்யலாமே’ என்றால், அது யோசனையாக ஒலிக்காமல் உத்தரவாகவே பலர் காதில் விழுகிறது. மற்றவர் மறுத்தால், யோசனைக்கு மறுப்பாக இல்லாமல் குடும்பத்துக்கு அவமதிப்பாகப் படுகிறது. இருவருமே அந்தக் காலத்தில் பிறக்காதவர்கள் என்பது வேறு விஷயம்.

இதன்மேல் இன்னொரு படிவும் உண்டு. 1948 ஜூன் மாதத்தில் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அதே ஜூன் மாதத்தில் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் பதிவை இழந்தது. கூட்டத்தில் வாய் திறந்தவனுக்குத்தான் முதலில் வம்பு வரும் என்று ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது. நம் கூட்டங்களில் காணும் மௌனத்தைச் சோம்பல் என்றோ அக்கறையின்மை என்றோ இளைஞர்கள் சினந்துகொள்ளும்போது எனக்கு இந்த நினைவுதான் வரும். அது வீட்டில் சொல்லிக்கொடுக்கப்பட்ட எச்சரிக்கை.

ஆனாலும் அதே தோட்டங்களில் வேறொரு பழக்கமும் வளர்ந்தது. பிரிந்து கிடந்த தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 1954-இல் ஒன்றிணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் ஆனபோது, ஒவ்வொரு சங்கத்துக்கும் ஏற்கெனவே ஒரு தலைவரும் ஒரு செயலாளரும் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். எவரும் தம் பதவிப் பலகையை இறக்கச் சம்மதிக்காவிட்டால் அந்த இணைப்பு நடந்திருக்காது. தொழிற்சங்கத் தலைவர் பி. பி. நாராயணன் பெயர் அதில் நிலைத்தது. பெயர் நிலைக்காதவர்களின் சம்மதமும் அதில் இருந்தது. அவசரகாலம் முடிந்த அதே 1960-ஆம் ஆண்டில், உங்கள் ஊரில் பிறந்தவரும் அன்றைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். வெளிநாட்டு உரிமையாளர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலம். தொழிலாளி வேலையோடு வீட்டையும் இழந்துகொண்டிருந்தான். தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று பேசியதன் விளைவாக முதலில் வாங்கப்பட்டது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம். பேராக்கில் பால் வெட்டுகிறவர், தாம் பார்த்திராத ஒரு தோட்டத்துக்காக, தாம் பார்த்திராத ஒரு ஜொகூர்க்காரரோடு சேர்ந்து பணம் போட வேண்டும். அதற்கு வேண்டிய நம்பிக்கையை ஒரே ஒரு மேடைப் பேச்சு உண்டாக்கியிருக்க முடியாது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்களுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லித்தான் ஆகியிருக்க வேண்டும். ஆகவே, ‘நம் ஆட்களுக்குக் கூடி முடிவெடுக்கத் தெரியாது’ என்ற சலிப்பைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தச் சலிப்பே தவறான மனப்பாங்கு. அது முகத்தில் தெரிந்துவிடும்.

கருத்தையும் மானத்தையும் பிரிப்பது எப்படி என்று கேட்பீர்கள். சில சிறிய காரியங்கள் பெரிதாக உதவுகின்றன. பொருள்நிரலில் யோசனையை எழுதும்போது யாருடையது என்று எழுதாதீர்கள். ‘இன்னாருடைய யோசனை’ என்று எழுதிய மறுகணமே அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆளை ஏற்பதும் மறுப்பதுமாகிவிடும். ‘நான் அன்றைக்கே சொன்னேன்’ என்ற வாக்கியத்தை உங்கள் வாயிலிருந்து அறவே நீக்கிவிடுங்கள். அது உண்மையாக இருக்கும்போதுதான் அதிகக் கெடுதல் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனம் மாறியவரைக் கேலி செய்ய விடாதீர்கள். ‘போன மாசம் வேற மாதிரி பேசினீங்களே’ என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் போதும், அந்த மனிதர் தம் பழைய நிலைப்பாட்டுக்கே திரும்பிப் போய் அங்கேயே வேரூன்றிவிடுவார். அந்த நேரத்தில் செயலாளர் குறுக்கிட்டு, ‘புதிய விவரம் கிடைத்ததால் ஐயா யோசித்துப் பார்த்துச் சொல்கிறார், அதற்காகத்தானே கூடியிருக்கிறோம்’ என்று சொன்னால், அவர் ஒருவருக்கு மட்டுமல்ல, மனம் மாறலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் நாலைந்து பேருக்கும் அது வழிவிடும்.

இனிக் கேட்பது பற்றி. எல்லோரும் ‘நன்றாகக் கேளுங்கள்’ என்று அறிவுரை சொல்வார்கள்; எதைச் செய்தால் அது நன்றாகக் கேட்டதாகும் என்று சொல்பவர்கள் குறைவு. கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1951-இல் ஆற்றிய உரையொன்றில், மனிதருக்கிடையிலான பேச்சுக்குப் பெருந்தடை, பிறர் சொல்வதைக் கேட்ட மாத்திரத்தில் சரி தவறு என்று தீர்ப்பெழுதிவிடும் இயல்பே என்றார். அதற்கு மாற்றாக ஒரு சோதனையையும் சொன்னார்: வாக்குவாதம் முற்றும்போது சற்று நிறுத்தி, முன்னால் பேசியவரின் கருத்தையும் அதிலுள்ள உணர்வையும், அவரே ‘ஆமாம், அதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே அடுத்தவர் தம் கருத்தைச் சொல்லலாம். இதற்குத் துணிச்சல் வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒருவரை உண்மையாகவே அவர் நிலையிலிருந்து புரிந்துகொண்டால், நாமே மாறிவிடும் அபாயம் இருக்கிறது. அந்த அச்சத்தால்தான் பெரும்பாலோர் முழுதாகக் கேட்பதில்லை. நான் முன்னர்ச் சொன்ன மானப் பிரச்சினையின் மறுபக்கமே இது.

அந்தச் சோதனை நம்மவர்களிடையே எப்படி வேலை செய்யும் என்பதற்கு நான் உடனிருந்து பார்த்த ஒரு கூட்டத்தைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். சித்திரா பௌர்ணமி அன்றுதான் அந்தக் கோயிலின் திருவிழா. அது வேலை நாளில் விழுந்தால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகளால் வர முடிவதில்லை. சனிக்கிழமைக்கு மாற்ற வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். தேதியை மாற்றினால் அம்மன் பொறுக்கமாட்டாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ‘அப்படின்னா நாங்க வரல’ என்று ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியபோது தலைவர் அவரை உட்காரச் சொல்லி, பெரியவர் என்ன சொல்கிறார் என்பதை அவர் வாயாலேயே ஒருமுறை சொல்லச் சொன்னார். ‘பழைய வழக்கம் மாறக்கூடாதுங்கறாரு’ என்றார் இளைஞர். பெரியவர் தலையை ஆட்டினார். ‘வழக்கம் இல்ல தம்பி. வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப பௌர்ணமியில பால்குடம் எடுக்கறதா வேண்டிக்கிட்டேன். வேற நாளு எடுத்தா கடன் தீருமா?’ என்று கேட்டார். மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்கு அது அப்போதுதான் தெரிந்தது. பிறகு பெரியவருடைய முறை வந்தது. ‘லீவு கெடைக்க மாட்டேங்குது, அதானே’ என்றார். ‘லீவு மட்டும் இல்லைங்க ஐயா. ஆளு இல்லாம போன வருஷம் இரதத்த லாரியில கட்டி இழுத்தாங்க. நம்ம சாமிய நாமதானே இழுக்கணும்’ என்றார் இளைஞர்.

அங்கே கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தூணோரமாக உட்கார்ந்திருந்த, ஆண்டுதோறும் அன்னதானச் சமையலைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர், ‘பால்குடத்தப் பௌர்ணமியில எடுங்க, இரதத்தச் சனிக்கிழம இழுங்க. ஆனா ரெண்டு நாளும் சமைக்க என்னால ஆவாது, அத யாராச்சும் பேசுங்க’ என்றார். அதற்கு முன் அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. பெண்கள் பின்னால் உட்காருவதும் தண்ணீர் கலக்கிக் கொண்டுவருவதும் அங்கே எழுதப்படாத விதி. கடைசியில் பௌர்ணமிக்குப் பூசையும் பால்குடமும், அடுத்த சனிக்கிழமைக்கு இரத ஊர்வலமும் அன்னதானமும் என்று முடிந்தது. பௌர்ணமியன்று வெறும் சுண்டலும் மோரும். சமையலுக்கு யார் யார் என்ற பேச்சு அந்த இரவு முடியவில்லை. அதுதான் உண்மையில் அதிக நேரம் எடுத்தது.

இந்தக் கூட்டத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது, இரு தரப்பும் வாயால் சொன்னது ஒன்று, மனத்தில் வைத்திருந்தது வேறு என்பது. ‘பௌர்ணமி’ என்பதும் ‘சனிக்கிழமை’ என்பதும் நிலைப்பாடுகள். நேர்த்திக்கடன் தீர வேண்டும் என்பதும் தம் கையால் இரதம் இழுக்க வேண்டும் என்பதும் தேவைகள். நிலைப்பாடுகள் மோதிக்கொண்டன, தேவைகள் மோதவே இல்லை. இது எப்போதும் இவ்வளவு வசதியாக அமைவதில்லை. சில வேளைகளில் தேவைகளே மோதும், அப்போது எவரோ ஒருவர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்வதற்காவது, ‘இவர் பிடிவாதக்காரர்’ என்ற முடிவைத் தள்ளிப்போட்டு, ‘இவருக்கு இதில் என்ன இருக்கிறது’ என்று அறியும் ஆவல் வேண்டும். ஆவல் என்றுதான் சொல்கிறேன். பொறுமை என்று சொன்னால், உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் அதில் சேர்த்துவிடுவார்கள்.

மௌனத்துக்கு வருகிறேன். ‘யாருக்காவது ஆட்சேபம் உண்டா? இல்லை. ஏகமனதாக நிறைவேறியது’ என்ற மூன்று வாக்கியங்களை மூன்று வினாடிகளில் சொல்லி முடிக்கும் தலைவர்களை நம் ஊர்களில் நிறையப் பார்க்கலாம். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு கோட்டுக்குச் சமமான கோடு மூன்றில் எது என்று சிறு குழுக்களிடம் கேட்கப்பட்டது. குழுவில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்து ஒரே தவறான பதிலைச் சொன்னார்கள். கண்ணுக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்த விடையையும் விட்டுவிட்டு, அப்படித் தனித்து விடப்பட்டவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். ஆனால் குழுவில் வேறொருவர் சரியான விடையைச் சொன்னபோது, அப்படிச் சேர்ந்துகொள்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. தனியாக மறுப்பவர் தமக்காக மட்டும் பேசுவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். உங்கள் கூட்டத்தில் வழக்கமாக ‘எனக்கு ஒப்பவில்லை’ என்று கை தூக்கும் அந்த ஒருவரை எரிச்சலோடு பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதை மாற்றிக்கொள்ளுங்கள். அவரால்தான் மற்றவர்களின் உண்மையான எண்ணம் உங்களுக்குத் தெரிய வருகிறது.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. ஜெரி ஹார்வி என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் 1974-இல் எழுதிய கட்டுரையில் தம் குடும்பக் கதையொன்றைச் சொல்கிறார். டெக்ஸாஸ் கோடையில், குளிர்சாதனம் இல்லாத காரில், 53 மைல் தள்ளியிருந்த அபிலீன் நகருக்குச் சாப்பிடப் போய், புழுதியும் வியர்வையுமாகத் திரும்பிய பிறகு பார்த்தால், நால்வரில் ஒருவருக்கும் போக விருப்பமே இருக்கவில்லை. மற்றவர்களுக்கு விருப்பம் என்று நினைத்து ஒவ்வொருவரும் தலையாட்டியிருக்கிறார்கள். நம் நிர்வாகங்கள் வாங்கிப் போட்டிருக்கும் சில பொருள்களையும் கட்டிவிட்டுப் பூட்டி வைத்திருக்கும் சில கொட்டகைகளையும் பார்க்கும்போது, அபிலீன் நம் பக்கத்து ஊர்தானோ என்று தோன்றும். ஒத்துப்போவது மரியாதை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் தன் எண்ணத்தைச் சொல்லாமல் மறைப்பவன் மற்றவர்களுக்குத் தவறான தகவல் தருகிறான்.

அப்படியானால் மௌனத்தை உடைப்பது யார் பொறுப்பு? பேசாதவர்களின் பொறுப்பு என்று சொல்வது எளிது. நான் பெரும்பங்கைத் தலைமை நாற்காலியில் இருப்பவர் மேல்தான் வைப்பேன். தலைவர் தம் விருப்பத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் அதன் பின் நடப்பது கலந்துரையாடல் ஆகாது. பிரிட்டிஷ் மரபில் வந்த இராணுவ நீதிமன்றங்களில் பதவியில் இளைய அதிகாரியிடமே முதலில் கருத்துக் கேட்பது வழக்கம். மூத்தவர் பேசிவிட்டால் இளையவர் மாறுபட மாட்டார் என்று இராணுவத்துக்கே தெரிந்திருக்கிறது. உங்கள் தலைவரிடம் இதைத் தனியாக, கூட்டத்துக்கு முன், பணிவாகச் சொல்லுங்கள்: ‘ஐயா கடைசியில் பேசினால் எல்லாருடைய கருத்தையும் சேர்த்துச் சொல்ல வசதியாக இருக்கும்.’ பெரும்பாலான பெரியவர்கள் இதில் தங்களுக்கொரு சிறப்பிடம் இருப்பதை உணர்ந்து ஏற்றுக்கொள்வார்கள்.

இளையவர்கள் பெரியவர்களை மறுத்துப் பேசுவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். நம்மிடையே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் உறுப்பினர்கள் மட்டுமல்ல. மாமாவும் சித்தப்பாவும் அண்ணனும் அத்தையும்தான். மாமாவைப் பார்த்து ‘நீங்க சொல்றது தப்பு’ என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் அவர் வீட்டு விசேஷத்துக்கு எப்படிப் போவது? இதற்காக ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ தாவி, முறைப்பெயர் இல்லாத மொழியில் சண்டையிடுகிறவர்களும் உண்டு. அது பெரியவர்களை இன்னும் தள்ளி வைக்கிறது. ‘மாமா சொன்னதை ஒட்டி எனக்கொரு சந்தேகம்’, ‘அண்ணே, நீங்க சொன்ன செலவு சரிதான், ஆனா மழை வந்தா என்ன செய்யறது’ என்று கேள்வியாகத் தொடங்கினால், மறுப்பும் போய்ச் சேரும், உறவும் நிற்கும். இதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். கேள்வி உண்மையான கேள்வியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மரியாதைச் சொல்லுக்குள் ஊசியை வைத்துப் பேசுவது நேரடியாகத் திட்டுவதைவிட மோசம்.

நல்லெண்ணத்தை நம்புவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பணம் புழங்கும் இடத்தில் ‘எங்களை நம்புங்கள்’ என்று கேட்பதைவிடக் கணக்கைக் கேட்பதற்கு முன்பே மேசைமேல் வைப்பது மேல். உபயக்காரர்கள் கொடுத்தது எவ்வளவு, பந்தலுக்குப் போனது எவ்வளவு என்ற தாள் எல்லோர் கையிலும் இருந்தால், பாதிச் சந்தேகம் பேச்சாக மாறும் முன்பே அடங்கிவிடும். கணக்குக் கேட்பவரை எதிரியாகப் பார்க்காதிருப்பது பொருளாளருக்கு வேண்டிய முதல் மனப்பாங்கு.

புலனத்தை (வாட்ஸ்அப்பை) பற்றியும் ஒரு சொல். அறிவிப்புக்கும் நினைவூட்டலுக்கும் அது அருமையான கருவி. கருத்து வேறுபாட்டைத் தீர்க்க அது பொருத்தமான இடம் அல்ல. எழுத்தில் குரல் தெரியாது, முகம் தெரியாது, இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய குரல்பதிவைக் காலையில் கேட்பவருக்கு அனுப்பியவரின் களைப்பும் தெரியாது. மூன்றாவது சூடான பதில் வந்த உடனே, ‘இதை நேரில் பேசுவோம்’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் கடைசியாகப் பேசினார்கள் என்பது முக்கியமாகப் படாத மனம் அதற்கு வேண்டும்.

கோப்பிக்கடையில் கலையும் தீர்மானத்தைக் குறித்து: கலைவதற்குக் காரணம் பெரும்பாலும் கெட்ட எண்ணம் அல்ல, எதை முடிவு செய்தோம் என்பதில் ஆளுக்கொரு நினைவு. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் நிர்வாகக் கூட்டங்களில் வாக்கெடுப்பே நடத்துவதில்லை. கூட்டத்தின் எழுத்தர், எல்லோரும் எந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று தாம் உணர்வதை அங்கேயே எழுதி, அங்கேயே வாசித்துக் காட்டி, திருத்தங்களைக் கேட்டு, எல்லோரும் சரி என்ற பிறகே அது குறிப்பேட்டில் ஏறுகிறது. நம்மவர்கள் குறிப்பை அடுத்த கூட்டத்தில் வாசிக்கிறார்கள். அதற்குள் எல்லாம் ஆறிப்போய் வேறு வடிவம் எடுத்துவிடுகிறது. நீங்கள் செயலாளர் என்பதால் இது உங்கள் கையில் இருக்கிறது. ஆட்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும் முன், முடிவை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதி உரக்க வாசியுங்கள். கூட்டத்துக்கு வராமலே வெளியில் எதிர்ப்பவரிடம் அந்தத் தாளோடு போய், அவரிடம் நமக்குத் தெரியாத விவரம் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அடுத்த பொருள்நிரலில் சேருங்கள். இல்லையென்றால் அவருடைய வருத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், முடிவைத் திறக்க வேண்டாம்.

உள்ளூர்ப் பகை முற்றி, ஒரு தரப்பு இன்னொரு தரப்போடு பேசவே மறுக்கும் நிலை வந்தால், உங்களில் எவரும் நடுநிலையாளராக நடிக்க முயல வேண்டாம். 1975-இல் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பின் வழியாக, அரசின் ஒற்றுமைத் துறை பயிற்சி கொடுத்த சமூக நடுவர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வைக்கிறார்கள். வெளியாளைக் கூப்பிடுவது நிர்வாகத்துக்குக் கௌரவக் குறைவு என்று சிலர் சொல்வார்கள். நான் மேலே பேசிய அதே மானப் பிரச்சினைதான் அது.

எல்லாவற்றையும் ஒருமித்த முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். உண்டியல் பணம் குறைந்தால் அது கலந்துபேசி ஒப்புக்கொள்ளும் விஷயம் அல்ல. முறைப்படி விசாரித்து, தேவையானால் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டியது. பந்தலில் மின்கம்பி அறுந்து தொங்கினால் கூட்டம் போடக்கூடாது. மற்ற விஷயங்களில், எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல், எவராலும் தாங்கிக்கொள்ள முடியாத முடிவாக இருக்கக்கூடாது என்று பார்த்தால் போதும். அந்தத் திருவிழாக் கூட்டத்திலும் ஒரு பெரியவர் கடைசிவரை இசையவில்லை. ‘எனக்கு மனசு ஒப்பல, ஆனா குறுக்க நிக்க மாட்டேன்’ என்று சொல்லி, அவர் விரும்பியபடியே அது குறிப்பேட்டில் எழுதப்பட்டது. ஒதுங்கி நிற்பதற்கு அப்படியொரு கௌரவமான வழி இருந்தால், தடுத்து நிறுத்தியே தீருவது என்று பலர் இறங்கமாட்டார்கள்.

ஒரே பொருளை இரண்டு கூட்டங்களில் முழுதாகப் பேசியும் முடிவு வராவிட்டால், மூன்றாவது கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். சட்டவிதி அதற்கு இடம் தருகிறது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாக்கெடுப்பில் தோற்ற தரப்பின் காரணங்களை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே, அவர்கள் சரிபார்த்த பிறகு குறிப்பேட்டில் எழுதுங்கள். அதே பக்கத்தில், எந்தக் கூட்டத்தில் இந்த முடிவு மறுபடி பார்க்கப்படும் என்ற தேதியையும் எழுதுங்கள். திருவிழா சம்பந்தப்பட்டதென்றால், திருவிழா முடிந்து இரண்டு வாரத்துக்குள் அந்தத் தேதி இருக்கட்டும். அதற்குமேல் தள்ளினால் யாருக்கும் எதுவும் சரியாக நினைவிருக்காது.